ஒன்பதாம் சந்துக் கதவு

பாசிக்கூடத்தில் தூங்குகிறவர்கள் வாயைப் பாசித் தொட்டிப் பக்கம் வைத்துத்தான் தூங்க வேண்டும். அது விதி. மனிதன் விடும் மூச்சு பாசிக்கு உரம். உரத்தை வீணாக்கக் கூடாது. யாராவது புரண்டு மறுபக்கம் திரும்பிவிட்டால், கூரைத் தண்டவாளத்தில் ஓடும் கருவி ஒன்று இறங்கி வந்து, ரப்பர் விரல்களால் தாடையைப் பிடித்து, முகத்தை மெதுவாகத் தொட்டியை நோக்கித் திருப்பி வைத்துவிட்டுப் போகும். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் நீளமானது. கீழடுக்குக்காரர்கள் அதைத் திருப்பி என்றார்கள்.

தேசம்மாள் அதன் விரலைக் கடிப்பாள். அன்று காலையும் கடித்தாள்.

"வுடு தேசம்மா," என்றான் பக்கத்துப் பாயில் படுத்திருந்த அவள் புருஷன் கன்னியப்பன். "ரப்பரு அது. அதுக்கு இன்னா வலிக்கவா போவுது?"

"அதுக்கு வலிக்கலன்னா போவுது. எனக்கு மனசு கொஞ்சம் ஆறுதே."

ஆறுவதற்கு நிறைய இருந்தது. நிலாவின் தெற்குச் சரிவில், ஒரு பள்ளத்தின் சுவரைக் குடைந்து கட்டிய ஊர் அது. கொற்கைப் பள்ளம் என்று பெயர். மேலடுக்கில் சன்னல்கள் இருந்தன. அங்கே இருந்தவர்கள் பூமியைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்தார்கள். கீழடுக்கில் பாறை துளைப்பவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய முப்பாட்டன்மார் எண்ணூரிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். ஒப்பந்தம் முடிந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. திரும்பிப் போகக் கப்பலில் இடம்தான் கிடைக்கவில்லை. பேச்சு மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

கீழடுக்கில் சந்துக்கு ஒரு அழுத்தக் கதவு. எங்காவது காற்று கசிந்தால் அது தானாக மூடிக்கொள்ளும். உள்ளே இருப்பவர்கள் பிழைப்பார்கள். கதவில்லாத சந்தில் குடியிருக்கச் சட்டம் இடம் தராது. ஒன்பதாம் சந்துக் கதவை, கீலில் ரப்பர் தேய்ந்துவிட்டது என்று பழுதுக் கொட்டகைக்குக் கழற்றிக்கொண்டு போனார்கள். சந்து ஆட்களை இரண்டு நாளைக்கு என்று சொல்லி, பாயோடு பாசிக்கூடத்தில் இறக்கினார்கள். இரண்டு நாள் ஆறு மாதம் ஆகியிருந்தது. கேட்கும்போதெல்லாம் "வேலை நடக்கிறது" என்று பதில் வந்தது.

என்ன வேலை என்பது அன்றுதான் தெரிந்தது. எட்டாவது வீட்டு வெண்ணிலா தண்ணீர்க் குடுவையோடு ஓடி வந்தாள்.

"தேசம்மாக்கா, நம்ப கதவு போட்டில நிக்குதாம்."

"இன்னா போட்டி?"

"மேல நடக்குதில்ல, கலை விருது. நாலு பேர தேர்ந்தெடுத்துக் காட்சி வெச்சிகிறாங்களாம். அதுல ஒருத்தன் நம்ப கதவ நட்டு வெச்சிக்கிறான்."

தேசம்மாள் நம்பவில்லை. கதவு என்றால் வேறு ஏதாவது கதவாக இருக்கும் என்று நினைத்தாள். வெண்ணிலா குடுவையைக் கீழே வைத்துவிட்டு, "உள்பக்கம் 'கன்னியப்பன் தண்ணித் திருடன்'னு கிறுக்கி இருக்குதாம்" என்றாள்.

கன்னியப்பன் முகத்தைத் தானாகவே தொட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

குடியிருப்பு அலுவலகத்தில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். விதுரன் என்ற கலைஞர் பழுதுக் கொட்டகைக்கு வந்தபோது கதவைப் பார்த்து மனம் உருகிவிட்டாராம். நகர மன்றம் அதைக் கலைப் பயன்பாட்டுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டதாம். புதுக் கதவு பூமியிலிருந்து வர வேண்டும். கப்பல் எப்போது என்று தெரியாது.

"பழுது பார்த்தாச்சா இல்லியா?" என்றாள் தேசம்மாள்.

"பார்த்தாயிற்று. அன்றைக்கே முடிந்துவிட்டது."

"அப்ப எங்க கதவ எடுத்துக் குடு."

"காட்சியில் இருக்கிறதே அம்மா. தோற்றால் பொருள் எங்கிருந்து வந்ததோ அங்கே திரும்பிவிடும். ஜெயித்தால் நகரக் கூடத்தில் நிலையாக இருக்கும். அதுதான் விதி."

"ஜெயிக்கறத எவன் முடிவு பண்றது?"

"நீங்கள்தான்," என்று சிரித்தாள் அந்தப் பெண். "மக்கள்."

அது பொய்யில்லை. முன்பெல்லாம் விருதுக்கு நடுவர்கள் இருந்தார்கள். அவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து இழுத்ததைப் பார்த்து நகர மன்றம் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வேலையை அதிர்மணியிடம் கொடுத்தது. கொற்கைப் பள்ளத்தில் பிறக்கும் குழந்தைக்குக் காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், கடுகளவு மணி ஒன்றைப் பதிப்பார்கள். உடம்பு எவ்வளவு பதறுகிறது என்று அது சொல்லும். ஒரே இடத்தில் பலர் பதறினால் அங்கே காற்றுக் கசிவு என்று பொருள். அதற்காக வந்த மணி அது. பிறகு பள்ளிக்கூடம், கடை, கல்யாணத் தரகு என்று எல்லாரும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கடைசியாகக் கலையும் வந்து சேர்ந்தது. காட்சிக்கு வருகிறவர்கள் சும்மா நின்று பார்த்தால் போதும். மீதியை மணி சொல்லிவிடும்.

"அப்ப வேல சுளுவு," என்றாள் தேசம்மாள், பாசிக்கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்து. "திட்டிடலாம்."

எல்லாருக்கும் உடனே புரிந்தது. கீழடுக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. பண்டம் வாயில் வைக்க விளங்கவில்லை என்றால் யாரும் எழுந்து போக மாட்டார்கள். தட்டை முன்னால் தள்ளி வைத்துவிட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் அதை நேருக்கு நேர் திட்டுவார்கள். பண்டத்தைத்தான்; சமைத்த கருவியை அல்ல. தட்டில் கிடக்கும் பாசி உருண்டையைப் பார்த்து, அதன் பிறப்பையும் வளர்ப்பையும் கேட்பார்கள். கொஞ்ச நேரத்தில் பாத்திரத்துக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். அடுத்த வாரம் அந்தப் பண்டம் வராது. இப்படித் திட்டித் திட்டியே பாசிப் புட்டு, பாசி வடை, பாசியில் செய்த கருவாடு என்று பலதையும் ஊரைவிட்டுத் துரத்தியிருந்தார்கள். கோபம் மணியில் ஏறும், மணி விளக்கை எரிக்கும் என்பது கீழடுக்கின் நம்பிக்கை. அதில் வெண்ணிலாவை மிஞ்ச ஆளில்லை. அவள் ஒருமுறை திட்டியதில் பக்கத்து மேசைக் குழம்புக்கும் விளக்கு எரிந்ததாகச் சொல்வார்கள்.

மறுநாள் ஒன்பதாம் சந்து குளித்து, துவைத்த உடை போட்டுக்கொண்டு மேலடுக்குக்குக் கிளம்பியது. காட்சிக்கூடத்துக்கு அவர்களில் ஒருவரும் அதுவரை போனதில்லை. வாசலில் நின்ற விளக்குநர் கருவி கைகூப்பியது. படைப்புகளைப் பற்றிப் பேசுவதற்கென்றே செய்த கருவி. குரலில் தேன் ஊற்றியிருந்தார்கள்.

முதல் அறையில் இரும்பு உருண்டை ஒன்று அழுதுகொண்டிருந்தது. இரண்டாவதில் ஒருவர் தன் மூளையின் படத்தைப் பன்னிரண்டு முறை மாட்டியிருந்தார். மூன்றாவது அறையில் எதுவும் இல்லை போலிருந்தது. மேலே ஒரு விளக்கு, அதற்குக் கீழே துளைகள் போட்ட தகடு ஒன்று மெல்ல அசைந்தது. தரையில் நிழலும் ஒளியும் சின்னச் சின்னத் துண்டுகளாக ஆடின. செவ்வந்தி என்ற பெண் செய்தது. தேசம்மாள் அதன் கீழே நின்றாள். தோள் தானாகத் தளர்ந்தது. உட்கார வேண்டும் போலிருந்தது, உட்கார்ந்தாள். கன்னியப்பன் பக்கத்தில் சாய்ந்து கொஞ்ச நேரத்தில் குறட்டை விட்டான். முகத்தைத் திருப்ப யாரும் வரவில்லை.

"நல்லாத்தான் கீது," என்றாள் அவள். மணிகளின் அளவைக் காட்ட அறையின் மூலையில் நின்ற ஒளித்தூண் அடியிலேயே இருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

நான்காவது அறையில் கதவு நின்றது.

சுவரில்லாமல், சந்தில்லாமல், வெறும் தரையில் தனியாக நட்டிருந்தார்கள். கீலில் புது ரப்பர் பளபளத்தது. யாரோ எண்ணெய்கூடப் போட்டிருந்தார்கள். மேலடுக்குக்காரர்கள் ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முன்னால் ஒரு பலகை: 'இல்லாத வீடு. விதுரன். வீடற்ற உழைக்கும் உடல்களின் மௌனத்தைப் பற்றிய விசாரணை.'

"வீடற்றவன் யாரு?" என்றாள் தேசம்மாள்.

"கீழடுக்கு மக்கள் அம்மா," என்றது விளக்குநர். "வீடு பறிக்கப்பட்டவர்களின் வலியைக் கலைஞர் தன் வலியாக..."

"பறிச்சது யாரு?"

விளக்குநர் ஒரு நொடி யோசித்தது. "அந்தக் கேள்வியைப் பார்வையாளரிடமே விடுகிறது இந்தப் படைப்பு."

கதவின் உள்பக்கத்தில் இத்தனை வருடக் கிறுக்கலும் அப்படியே இருந்தது. 'செருப்பக் கழட்டிட்டு வா.' 'வெள்ளிக்கெழம எங்க மொற.' அதற்குக் கீழே, பெரிய எழுத்தில், 'கன்னியப்பன் தண்ணித் திருடன்.' மேலடுக்குப் பெண் ஒருத்தி அதை உதட்டுக்குள் படித்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள்.

"நீருக்காக ஏங்கும் ஆதி மனிதனின் குரல்," என்று விளக்கியது விளக்குநர்.

"ஆதி மனிசன் இதோ நிக்கிறான்," என்று வெண்ணிலா கன்னியப்பனை முன்னால் தள்ளினாள். "ரெண்டு குடுவ தூக்கிட்டான். எங்க வூட்டுத் தண்ணி. எழுதனது நானு."

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் அவனைப் பார்த்து இன்னும் கொஞ்சம் அழுதாள்.

அதோடு தேசம்மாளுக்குப் பொறுமை போயிற்று. கையை உயர்த்தினாள். ஒன்பதாம் சந்து கதவைச் சுற்றி அரைவட்டமாக நின்றது.

"ஆரம்பி வெண்ணிலா."

"இத்த நட்டு வெச்சிக் கலைன்றான்," என்று தொடங்கினாள் வெண்ணிலா, தொண்டையைக் கனைத்து. "நாளைக்கிக் கக்கூஸப் பேத்துனு வந்து தவம்னு பேரு வெப்பான். ஏ கதவே, உன்னச் சொல்றேன். புது ரப்பரு போட்டுனு மினுக்கினு நிக்கறியே, நாங்க அங்க பாசிக்கு மூச்சு ஊதினு கெடக்கறோம், தெரியுமா உனுக்கு?"

"வெக்கங்கெட்ட கதவு," என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"கதவா இது, டுபாக்கூர் கதவு. தாப்பா போட்டாக்கூட உள்ள யாருமில்ல."

"எங்க மௌனத்த விசாரிக்கறானாம். நாங்க எப்படா மௌனமா இருந்தோம்?"

தேசம்மாள் தன் முறையில் சொற்களைத் தேடவில்லை. ஆறு மாதத் தூக்கம், தாடையில் ரப்பர் விரல், எழுந்தவுடன் வாயில் பாசி நாற்றம், "வேலை நடக்கிறது" என்ற பதில் எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. காதுக்குப் பின்னால் மணி சுட்டது. எல்லாருக்கும் சுட்டது. அறையின் மூலையில் ஒளித்தூண் சிவப்பாக ஏறிக்கொண்டே போனது.

"செவப்பு," என்றான் கன்னியப்பன். "செவப்பு ஏறுது."

"இன்னும் திட்டு," என்றாள் தேசம்மாள்.

காட்சி முடியும்வரை தினமும் வந்தார்கள். பத்தாம் சந்தும் பதினோராம் சந்தும் உதவிக்கு வந்தன. அவர்களுக்கும் கதவுகள் இருந்தன, பயமும் இருந்தது. மேலடுக்கில் சிலர் இந்தத் திட்டைக் கேட்கவே கூட்டமாக வந்தார்கள். சிவப்புத் தூண் கூரையைத் தொட்டது. செவ்வந்தியின் அறையில் ஒருவர் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

விருது விழாவில் கூரையைத் தொட்ட தூணுக்கு மாலை போட்டார்கள்.

'இல்லாத வீடு', விருதின் வரலாற்றிலேயே இல்லாத அதிர்வுடன் வென்றது. விதுரன் மேடையில் அழுதான். கெட்டவன் என்று சொல்ல முடியாத முகம் அவனுக்கு. அதுதான் எரிச்சல். இறங்கி நேராக ஒன்பதாம் சந்து நின்ற இடத்துக்கு வந்து, தேசம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இது உங்க விருதும்மா. உங்க கோபம் இல்லன்னா இது வெறும் தகடு."

"தகடு இல்லப்பா. கதவு," என்றாள் தேசம்மாள். "எங்களுக்கு வோணும். குடுத்துடு."

"உங்க வலி எனக்குப் புரியுது."

"வலி கெடக்கட்டும். கதவு."

அவன் தலை குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலையை யாரோ படம் எடுத்தார்கள். கன்னியப்பன் அவளை இழுத்துக்கொண்டு போகாவிட்டால் அன்று விதுரனின் விரலிலும் பல் பதிந்திருக்கும்.

வாசலில் விளக்குநர் கைகூப்பியது. தேசம்மாள் அதன் முன்னால் நின்றாள்.

"செவப்பு வந்தா தூக்கிருவீங்கன்னுதான நெனச்சோம். சாப்பாட்டுக் கூடத்துல அப்பிடித்தான?"

"இல்லை அம்மா. அங்கே மீந்த சாப்பாட்டை எடை போடுகிறார்கள். நீங்கள் திட்டியதால் எந்தப் பண்டமும் போகவில்லை. தின்னாமல் விட்டதால் போனது." அதற்கு வருத்தமாகப் பேசத் தெரியாது, அதே தேன் குரலில் சொன்னது. "அதிர்மணிக்கு அளவு தெரியும். காரணம் தெரியாது. அன்பும் ஆத்திரமும் உடம்பில் ஒரே மாதிரித்தான் துடிக்கின்றன."

"இந்தக் கேடுகெட்ட கணக்க எவன் கண்டுபுடிச்சான்?"

"பூமியிலிருந்து வந்த கணக்கு. முன்னொரு காலத்தில் அங்கே எல்லார் கையிலும் ஒரு கண்ணாடிப் பலகை இருந்ததாம். பிடித்ததை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார்களாம். பிடிக்காததைத்தான் நின்று பார்த்து, திட்டி, இதைப் பாருங்கள் எவ்வளவு மோசம் என்று ஊருக்கெல்லாம் அனுப்புவார்களாம். அப்படியே அது பெரியதாகுமாம். அந்தக் கணக்கையே இங்கும் வைத்துக்கொண்டோம்."

"பைத்தியக்காரனுங்க," என்றாள் தேசம்மாள்.

"ஒரு வழி இருக்கிறது," என்றது விளக்குநர். "நகரக் கூடத்தில் நிலையாக வைத்த படைப்பு, தொடர்ந்து ஒரு மாதம் யாரையுமே அசைக்காவிட்டால் அகற்றப்படும். பொருள் திரும்பிவிடும். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வராமல் இருந்தால் போதும்."

அப்படித்தான் ஒன்பதாம் சந்து ஒன்றும் செய்யாமல் இருக்கக் கற்றுக்கொண்டது. துளை போடுவதைவிட அது கடினமாக இருந்தது. கதவு என்ற சொல்லையே வாயில் எடுக்கக் கூடாது என்று முடிவானது. வெண்ணிலா வாயில் துணியைக் கடித்துக்கொண்டு நடமாடினாள். கோபம் வந்தால் தொட்டியில் மிதக்கும் குமிழிகளைப் பார்த்தார்கள். மேலடுக்குக்காரர்கள் தாங்களாகவே மறந்துபோனார்கள். வேறு ஒரு கலைஞன் வேறு எதையோ நட்டிருந்தான். நகரக் கூடத்தில் சிவப்புத் தூண் சரிந்து சரிந்து அடியைத் தொட்டது. அங்கேயே கிடந்தது.

மாதம் முடிய ஒரே ஒரு நாள் இருந்தது. கன்னியப்பன் சந்துக்குப் போய் வீட்டைப் பெருக்கிவிட்டு வந்தான். வெண்ணிலா பாயைச் சுருட்டிக் கட்டினாள்.

"ஒரு தபா போய்ப் பாத்துட்டு வந்துடறேன்," என்றாள் தேசம்மாள்.

"இன்னாத்துக்கு?" என்றான் கன்னியப்பன்.

"நாளைக்கித் தூக்கி வர ஆளு வோணுமில்ல. எப்பிடி நட்டிருக்கான்னு பாக்கணும். அவ்ளோதான்."

"போவாத."

"கோவப்பட மாட்டேன்யா. சும்மா பாத்துட்டு வரேன்."

நகரக் கூடம் காலியாக இருந்தது. கதவு ஓரமாக நின்றது. அதன்மேல் தூசி படிந்திருந்தது. தேசம்மாள் அதைப் பார்த்தாள். மூச்சு சீராக இருந்தது. நெஞ்சு அமைதியாக இருந்தது. தன்னைப் பற்றியே அவளுக்குப் பெருமையாக இருந்தது. திரும்பியிருக்கலாம். பலகையில் புதிதாக ஒரு வரி சேர்த்திருப்பது கண்ணில் பட்டது. நம்மைப் பற்றி என்னதான் எழுதியிருக்கிறான் என்று குனிந்தாள்.

'ஒன்பதாம் சந்து மக்கள் இக்கதவைத் திரும்பக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அது கலையாக இருப்பதே தங்களுக்கு நிறைவு என்று அவர்களுடைய ஒரு மாத மௌனம் சொல்கிறது.'

காதுக்குப் பின்னால் கடுகளவு சூடு.

குமிழிகளை நினைத்துப் பார்த்தாள். பாசித் தொட்டியை நினைத்தாள். சின்னச் சின்ன நிழல்கள் ஆடும் அந்த அறையைக்கூட நினைத்துப் பார்த்தாள். மூலையில் தூண் மெல்ல, கால் ஊன்றி எழுந்திருப்பது போல, சிவப்பாக எழுந்தது.

பாசிக்கூடத்துக்குத் திரும்பியபோது எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"இன்னா எழுதிகிறான்?" என்றாள் வெண்ணிலா, வாயிலிருந்த துணியை எடுத்து.

"ஒன்னுமில்ல. வுடு."

"சொல்லுக்கா. கேட்டுக்கறோம், அவ்ளோதான். யாரும் கோவப்பட மாட்டோம்."

தேசம்மாள் சொன்னாள்.

வெண்ணிலா, பாயில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்காமலே எழுந்து நின்றாள். அடுத்தவர் எழுந்தார்.

திருப்பிக் கருவி தன் தண்டவாளத்தில் வழக்கம்போல் ஓடி வந்தது. ஒவ்வொரு பாயாக நின்று, ரப்பர் விரல்களை நீட்டித் துழாவியது. திருப்பி வைப்பதற்கு ஒரு முகம்கூட இல்லை. எல்லா முகங்களும் நகரக் கூடத்தின் முன்னால் வரிசையில் நின்று, வாசல் திறக்கக் காத்திருந்தன. யாரும் திருப்பாமலே அவை கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தன.